ஒரு சொல்லின் தடம் பிடிப்பது எப்படி: ஐரோப்பிய மொழிகளில் ‘கிஃப்ட்’

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு. எழுத்துக்கு எழுத்து அதே வடிவில் ஜெர்மன் மொழியில் எழுதப்படும் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளின் மொழிகளில் அந்தச் சொல் நஞ்சையும் குறிக்கும். ஒருவர் மணமானவர் என்று சொல்லவும் பயன்படும். டச்சு மொழியில் அது கொடையைக் குறிக்கிறது. இலக்கணம் சற்று மாறினால் நஞ்சையும் குறிக்கிறது. ஐஸ்லாந்து மொழியிலோ நஞ்சு என்ற பொருளுக்கே இடமில்லை. அங்கே அது ‘மணமான’ என்னும் உரிச்சொல்லின் பெண்பால் வடிவம்; அதன் உடன்பிறப்பான ‘கிஃப்டா’ நற்பேற்றைக் குறிக்கிறது.

பரிசு, நஞ்சு, மணம், நற்பேறு ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் காண்பவர்கள் உடனே ஒரு கதையைக் கட்டிவிடுகிறார்கள். பழங்கால ஜெர்மானியர் பரிசுகளைக் கண்டு அஞ்சினார்கள் என்பது ஒரு கதை. திருமணத்தையே நஞ்சாகக் கருதினார்கள் என்பது இன்னொன்று. இவற்றை மறுக்க, சான்றில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தச் சொல் உண்மையில் நடந்துவந்த பாதையைக் காட்ட வேண்டும். அதற்கான முறையை இந்த ஒரு சொல்லைக் கொண்டே இங்கு விளக்குகிறேன். மொழியியல் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், நல்ல வரலாற்று அகராதிகளும், அழகான விளக்கம் ஒன்று கண்ணில் பட்டவுடன் அதை நம்பிவிடாத பொறுமையும் வேண்டும்.

முதலில் உருவம், பிறகு பொருள்

மொழிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பொருளை எழுதுவதற்கு முன்பாக அந்தச் சொல்லின் எழுத்து வடிவம், ஒலிப்பு, சொல்வகை, இலக்கணப்பால், பன்மை, அதிலிருந்து பிறந்த சொற்கள் ஆகியவற்றை எழுதுங்கள். தொடக்கநிலை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் பொருளுக்கு ஓடிவிடுகிறார்கள். தடம் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்வீடிஷ் பக்கத்தை நிரப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். நஞ்சைக் குறிக்கும் சொல் ஒரு பெயர்ச்சொல். அது அஃறிணைப்பாலைச் சேர்ந்தது. மணமானவர் என்பதைக் குறிப்பது உரிச்சொல். அது ‘மணந்துகொள்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆகவே ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று நாம் நினைத்தது, ஒரே எழுத்துக்கூட்டைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு சொற்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவை ஒரு வேரிலிருந்து பிறந்தவையா என்பது பிறகு பார்க்க வேண்டிய கேள்வி.

டச்சு மொழியில் இந்தப் பிரிவினை இன்னும் நுட்பமானது. ‘டெ’ என்ற சுட்டுச்சொல் முன்னே வந்தால் அது கொடை. ‘ஹெட்’ முன்னே வந்தால் நஞ்சு. நடைமுறையில் இன்றைய டச்சுக்காரர்கள் நஞ்சுக்கு இறுதி டகரம் இல்லாத ‘கிஃப்’ என்ற வடிவத்தையோ ‘ஃபெர்கிஃப்’ என்பதையோ விரும்புகிறார்கள். குழப்பம் தந்த இரு சொற்களை மொழி தானாகவே விலக்கி நிறுத்திக்கொண்டது. ஜெர்மனில் நஞ்சு அஃறிணைப்பால். ஆனால் வரதட்சணையைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ பெண்பால். ‘மிட்’ என்றால் உடன். பெண்ணுடன் கொடுத்தனுப்பப்படுவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். இந்தப் பெண்பாலைக் குறிப்பேட்டில் வட்டமிட்டு வையுங்கள். பிறகு இது பேசும்.

உறவா, கடனா, தற்செயலா

இரு மொழிகளில் ஒத்த வடிவில் இரு சொற்கள் இருந்தால் மூன்று வழிகள் சாத்தியம். இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றிடம் கடன் பெற்றிருக்கலாம். அல்லது ஒற்றுமை வெறும் தற்செயலாக இருக்கலாம். காது இதைத் தீர்மானிக்காது. ஒலிமாற்ற விதிகள்தான் தீர்மானிக்கும்.

1818இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க்கும், 1822இல் ஜெர்மனியின் யாகோப் கிரிமும் விளக்கிய விதி இதற்கு அடித்தளம். லத்தீன் முதலிய மொழிகளில் பகரம், தகரம், ககரமாக இருக்கும் ஒலிகள் ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள் அடங்கிய குடும்பம்) ஃபகரமாகவும், பல்லிடுக்கில் உரசி ஒலிக்கும் தகரமாகவும், ஹகரமாகவும் மாறி நிற்கும். லத்தீன் ‘பாட்டெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. லத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் ‘ஹேவ்’, ஜெர்மனின் ‘ஹாபென்’, லத்தீனின் ‘ஹபேரே’ ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றும் ‘உடைமையாகக் கொண்டிரு’ என்றே பொருள்படுகின்றன. மூன்றும் ஹகரத்தில் தொடங்குகின்றன. உறவு என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் ஜெர்மானிய ஹகரத்துக்கு லத்தீனில் ககரம் நிற்க வேண்டும். எனவே ‘ஹேவ்’ என்பதன் லத்தீன் உறவு ‘கபேரே’, அதாவது ‘பற்று, பிடி’ என்னும் வினை. லத்தீன் ‘ஹபேரே’யையோ, நம் சொல்லின் வேரான ‘கொடு’ என்னும் ஜெர்மானிய வினையோடுதான் அறிஞர்கள் இணைக்கிறார்கள். ஒத்து ஒலிப்பவை உறவில்லை, ஒவ்வாதவை உறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்ற வினைக்கும் ‘கிஃப்ட்’ என்ற பெயருக்கும் உள்ள தொடர்பு, ‘டிரைவ்’–‘டிரிஃப்ட்’, ‘திரைவ்’–‘திரிஃப்ட்’ ஆகிய இணைகளிலும் காணப்படுவதே. வினைவேரோடு டகர விகுதி சேர்ந்து ‘கொடுக்கும் செயல்’ அல்லது ‘கொடுக்கப்பட்டது’ என்ற பெயர் உருவாகிறது. விகுதியின் டகரத்தைத் தொட்டவுடன் வேரின் இறுதி மெய் ஃபகரமாகிறது. ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய வடிவங்களும் அந்தந்த மொழியின் ‘கொடு’ வினையோடு இதே முறையில் பொருந்துகின்றன. எனவே எல்லாம் ஒரு மூதாதையின் வழிவந்த வடிவங்கள் என்பதில் ஐயமில்லை.

ஒரே ஒரு முடிச்சு எஞ்சுகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் ஒலி யகரம். அதை ‘யிஃப்ட்’ என்பதுபோல ஒலித்தார்கள். அப்படியானால் இன்றைய ஆங்கிலத்தில் வன்மையான ககர ஒலி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. முட்டையைக் குறிக்கும் ‘எக்’ என்ற சொல்லும் அப்படி வந்ததே. 1490இல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் எழுதிய முன்னுரை ஒன்றில், ‘எக்ஸ்’ கேட்ட ஒரு வணிகரிடம், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஒரு பெண் பதிலளித்த நிகழ்ச்சி வருகிறது. அவளுக்குத் தெரிந்த சொல் பழைய ஆங்கிலத்தின் வழிவந்த ‘எய்ரென்’. ஆக, ஆங்கிலத்தின் இன்றைய ‘கிஃப்ட்’ உறவும் கடனும் கலந்தது. இன்றைய ஸ்வீடிஷிலும் நார்வேஜியனிலும் இந்தச் சொல் யகரத்தில் ஒலிப்பது வேறு கதை. அது பிற்காலத்தில் அங்கே தனியாக நடந்த மாற்றம். ஒரே ஒலியைக் கேட்டுப் பழைய ஆங்கிலத்தோடு அதை இணைத்துவிடக் கூடாது.

பழமையான சான்று எது?

அடுத்து, ஒவ்வொரு பொருளும் எந்த நூற்றாண்டில், எந்த மொழியில் முதலில் காணப்படுகிறது என்று தேட வேண்டும். இதற்குச் சாதாரண அகராதி உதவாது. ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசையில் மேற்கோள் தரும் வரலாற்று அகராதி வேண்டும். ஆங்கிலத்துக்கு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து இன்றும் புதுப்பிக்கப்படும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இருக்கிறது. டச்சுக்கு 1864இல் தொடங்கி 1998இல் முடிந்த பேரகராதி இருக்கிறது. ஸ்வீடிஷ் கழகத்தின் அகராதி 2023இல்தான் நிறைவு பெற்றது. ஜெர்மனுக்கு கிரிம் சகோதரர்கள் தொடங்கியது. முதல் தொகுதி 1854இல் வந்தது, பணி 1961இல் முடிந்தது. யாகோப் கிரிம் 1863இல் ‘கனி’ என்று பொருள்படும் ‘ஃப்ருக்ட்’ என்ற சொல்லில் வேலை செய்துகொண்டிருந்தபோது காலமானார். நம் சொல்லுக்குரிய எழுத்தை அவர் எட்டவே இல்லை, பின்வந்தவர்கள்தான் அதை எழுதினார்கள். இந்த நான்கையும் இணையத்தில் பார்க்கலாம்.

தேடும்போது பெரும்பாலோர் எதிர்பாராத ஒன்று கிடைக்கிறது. பழைய ஆங்கில நூல்களில் இந்தச் சொல்லுக்குப் பொதுவான பரிசு என்ற பொருள் காணப்படவில்லை. ஒருமையில் அது மணப்பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் பொருளையும், பன்மையில் திருமணத்தையும் குறித்தது. பரிசுக்கு அதே வேரில் பிறந்த வேறொரு பெயர் இருந்தது. அதைவிடப் பழைய சான்று கோதிக் மொழியில் உள்ளது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயரின் முயற்சியால் உருவான கோதிக் விவிலியத்தில், மரியா யோசேப்புக்கு மண ஒப்பந்தமானவள் என்று லூக்கா நற்செய்தி கூறும் இடத்தில், இதே பெயர்ச்சொல் ஒரு முன்னொட்டோடு ‘ஃப்ரகிஃப்ட்’ என்ற அடி வடிவில் வருகிறது. வடக்கே பழைய நோர்ஸ் மொழியிலும் இந்த வேரிலிருந்து பிறந்த வினை, பெண்ணை மணம் செய்து கொடுப்பதைக் குறித்தது.

இங்கே சற்று நின்று இந்த மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். கோதிக் என்பது ஜெர்மானியக் குடும்பத்தின் கிழக்குக் கிளை. ஆங்கிலம் மேற்குக் கிளை. நோர்ஸ் வடக்குக் கிளை. மூன்று கிளைகளும் பிரிந்து தூரமான பிறகும் ஒரு பொருளைப் பொதுவாக வைத்திருந்தால், அந்தப் பொருள் பிரிவுக்கு முந்தையது என்று கொள்வதே முறை. எனவே மணம் என்ற பொருள் ஸ்காண்டிநேவியர்களின் விசித்திரம் அன்று. ‘கொடுத்தல்’ என்ற செயலின் மிகப் பழைய தனிப்பயன்களில் ஒன்று. பெண்ணைக் கொடுப்பது, அவளோடு கொடுப்பது, அவளுக்காகக் கொடுப்பது என்ற மூன்றுமே அதற்குள் அடங்கின. குறிப்பேட்டில் வட்டமிட்ட ஜெர்மன் ‘மிட்கிஃப்ட்’ இப்போது பேசுகிறது. தனிச்சொல் பொருள் மாறிப் பாலும் மாறிய பின்னும், கூட்டுச்சொல்லுக்குள் அகப்பட்ட பழைய வடிவம் தன் பெண்பாலையும் பழைய பொருளையும் விடாமல் வைத்திருக்கிறது. ஸ்வீடிஷின் ‘ஹெம்யிஃப்ட்’, டேனிஷின் ‘மெட்கிஃப்ட்’ ஆகியவையும் வரதட்சணையையே குறிக்கின்றன. ஒரு சொல்லின் பழைய பொருளைத் தேடும்போது அதன் கூட்டுச்சொற்களை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நற்பேறு என்ற ஐஸ்லாந்துப் பொருளுக்கும் விளக்கம் எளிது: ஒருவருக்குக் கொடுக்கப்பட்டதே அவருடைய பேறு.

நஞ்சு நுழைந்த வழி

நஞ்சு என்ற பொருளின் பரவல் முற்றிலும் வேறு விதமானது. கோதிக்கில் இல்லை, பழைய ஆங்கிலத்தில் இல்லை, ஐஸ்லாந்தில் இல்லை. ஜெர்மன், டச்சுப் பகுதியிலும் அவற்றோடு நெருங்கிப் பழகிய மொழிகளிலும் மட்டும் இருக்கிறது. இப்படி ஒரு வட்டாரத்தில் மட்டும் ஒரு பொருள் தென்பட்டால், அது பின்னால் வந்தது என்றும், வெளியிலிருந்து தூண்டப்பட்டிருக்கலாம் என்றும் முதலில் கருதிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தூண்டுதல் கிரேக்கத்தின் ‘டோசிஸ்’ என்பதே அறிஞர்களிடையே நிலைபெற்ற விளக்கம். அதன் நேர்ப்பொருள் கொடுத்தல். மருத்துவர்கள் அதை ஒருமுறைக்குக் கொடுக்கப்படும் மருந்தளவுக்குப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் சொல்லும் ‘டோஸ்’ அதுதான். லத்தீன் வழியாக மருத்துவ எழுத்துகளில் புழங்கிய இந்தச் சொல்லுக்கு இணையாக ஜெர்மன் பேசியவர்கள் தங்கள் ‘கொடுத்தல்’ என்ற பெயரை வைத்தார்கள். சொல் கடன் வாங்கப்படவில்லை. பொருள் மட்டும் கடன் வாங்கப்பட்டது. இதைப் பொருள்கடன் என்று குறித்துக்கொள்ளுங்கள். வடிவத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. பிறகு ‘கொடுக்கப்பட்டது’ என்ற மென்மையான சொல், உயிரைப் பறிக்கக் கொடுக்கப்பட்டதற்கு இடக்கரடக்கலாக வழங்கி, நாளடைவில் அந்தப் பொருளிலேயே உறைந்துபோனது. இது எப்படி நடக்கும் என்று ஐயப்படும் தமிழ் வாசகர், எலியைக் கொல்லும் நஞ்சை நாம் ‘எலி மருந்து’ என்று அழைப்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு பொருள்மாற்றத்தை ஏற்பதற்கு முன், அதேபோன்ற மாற்றம் தொடர்பில்லாத வேறு சொற்களில் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. இங்கே துணைச்சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. லத்தீனில் குடிப்பதற்கானது என்று மட்டும் பொருள்பட்ட ‘போட்டியோ’ பிரெஞ்சில் நஞ்சைக் குறிக்கும் ‘புவாசோன்’ ஆயிற்று; அதையே ஆங்கிலம் ‘பாய்சன்’ என்று எடுத்துக்கொண்டது; ஸ்பானிய ‘பொன்சோன்யா’வும் அதே லத்தீன் சொல்லின் வழிவந்தது. கிரேக்க ‘ஃபார்மகோன்’ மருந்தையும் குறித்தது, நஞ்சையும் குறித்தது. லத்தீன் ‘வெனேனும்’ காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு உறவுடையது; ஆசையைத் தூண்டும் கசாயம் என்பதிலிருந்து அது நஞ்சை அடைந்தது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியச் சட்ட அறிஞர் கையுஸ், ‘வெனேனும்’ என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்துகளும் அந்தப் பெயருக்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறார்.

போட்டி விளக்கங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல் எழுதிய சிறு கட்டுரையில், பழங்கால ஜெர்மானியர் ஒருவருக்கொருவர் மதுவைக் கொடையாக வழங்கியதையும், அந்தப் பானத்தில் நஞ்சு இருக்கக்கூடும் என்ற அச்சத்தையும் இந்த இரட்டைப் பொருளோடு இணைத்தார். சமூகத்தைப் பற்றிய அவருடைய பார்வை ஆழமானது. ஆனால் அந்த விளக்கம் சரியென்றால், மதுக்கொடை வழக்கத்தைப் பகிர்ந்துகொண்ட பழைய ஆங்கிலத்திலும் ஐஸ்லாந்திலும் நஞ்சுப் பொருள் ஏன் தோன்றவில்லை என்பதற்குப் பதில் வேண்டும். மருத்துவ வழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் அதையே ஏற்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் எப்போதும் கேளுங்கள்: இந்தப் பொருளை முன்பு சுமந்த சொல் என்னவாயிற்று? ஜெர்மானிய மொழிகளில் நஞ்சுக்கு ஒரு பழைய பொதுச்சொல் இருந்தது. ஐஸ்லாந்தில் அது ‘எய்டுர்’ என்று இன்றும் நஞ்சையே குறிக்கிறது. ஜெர்மனில் அது ‘ஐட்டர்’ என்றும், டச்சில் ‘எட்டர்’ என்றும் சீழைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தைப் புதிய சொல் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அது பொதுவழக்கிலிருந்து மறைந்து, சிலந்தியைக் குறிக்கும் வட்டார வழக்கான ‘அட்டர்காப்’ என்பதில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேனிஷில் சிலந்தியின் பெயர் இன்றும் ‘எடர்கோப்’. பிறகு, வட ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவின் காலத்தில் லூபெக் போன்ற நகரங்களின் தாழ் ஜெர்மன் மொழி ஸ்காண்டிநேவியத் துறைமுகங்களில் பரவியபோது, நஞ்சு என்னும் புதிய பொருள் கொண்ட பெயர்ச்சொல்லும் அங்கே சென்று, ஏற்கெனவே இருந்த மணச் சொல்லின் பக்கத்தில் அமர்ந்தது. ஸ்வீடிஷில் இரண்டு சொற்கள் இருக்கும் மர்மம் இத்தோடு தீர்கிறது: ஒன்று வீட்டுப் பிள்ளை, மற்றது வெளியிலிருந்து திரும்பி வந்த உறவு. மணமும் நஞ்சும் அங்கே ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை.

எழுதி வைக்கும் முறை

கண்டறிந்ததை எழுதும்போது, ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் வலிமையைக் குறித்து வையுங்கள். ஆவணத்தில் உள்ள வடிவம் ஒரு வகை. ஒலிவிதியால் மீட்டெடுக்கப்பட்ட வடிவம் வேறு வகை. இரண்டாவதற்கு முன்னால் உடுக்குறி (*) இடுவது மொழியியலாளர் மரபு. அதைத் தவறாமல் பின்பற்றுங்கள். காலத்தைக் குறிக்கும்போது, ஒரு பொருள் முதலில் எழுதப்பட்ட ஆண்டு அது பிறந்த ஆண்டு அன்று என்பதையும் மறக்காதீர்கள். பேச்சில் அது பல தலைமுறைகளுக்கு முன்பே வாழ்ந்திருக்கலாம்.

அடுத்த பயிற்சிக்கு ஆங்கில ‘டவுன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அது நகரம். டச்சு ‘டௌயின்’ தோட்டம். ஜெர்மன் ‘ட்சௌன்’ வேலி. ஐஸ்லாந்தின் ‘டூன்’ வீட்டையொட்டிய புல்வெளி. வேலியிலிருந்து தொடங்கினால் வேலிக்குள் அடைபட்ட இடம் ஒவ்வொரு மொழியிலும் எப்படி வளர்ந்தது என்பதை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம். கடினமான பகுதி அதற்குப் பிறகு வரும். பிரான்சின் லியோன் நகரின் பழைய பெயரான ‘லுக்டூனும்’ என்பதில் உள்ள, கோட்டையைக் குறிக்கும் கெல்டிய ‘டூனோன்’ இவற்றுக்கு உறவா, அல்லது ஜெர்மானியர் கெல்டியரிடம் வாங்கிய கடனா? கிரிமின் ஒலிவிதி மட்டும் இதைத் தீர்க்காது. அந்த விதியின் இன்னொரு பகுதிப்படி, கெல்டியத்தின் மெலிந்த டகரம் ஜெர்மானியத்தில் வன்மையான டகரமாகும்; ஒலிமாற்றம் நடப்பதற்கு முன்பே கடன் வாங்கியிருந்தாலும் இதே வன்மையான டகரம்தான் வந்து நின்றிருக்கும். எனவே இங்கே வடிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கோட்டை என்ற பொருளும் வேலி என்ற பொருளும் எந்தெந்த நிலப்பரப்பில், எந்தக் காலத்தில் காணப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள்.